எம்டிபிஇயைத் தின்ற பாக்டீரியாக்கள்: போர்ட் வைனீமி நிகழ்வு ஆய்வு

1984 செப்டம்பர் தொடங்கி 1985 மார்ச் வரை, கலிபோர்னியாவின் போர்ட் வைனீமி கடற்படைத் தளத்தில் இருந்த ஒரு பெட்ரோல் நிலையத்தின் விநியோகக் குழாய்கள் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தன. வெளியேறியது சுமார் 10,800 கேலன், ஏறத்தாழ 41,000 லிட்டர். அதில் 4,000 கேலன் ஈயம் கலந்த பழைய வகைப் பெட்ரோல். மீதி 6,800 கேலன் ஈயமில்லாத உயர்தர வகை. பின்னாளில் தலைவலியாக மாறியது இந்த இரண்டாவது வகைதான். அதில் மெத்தில் டெர்ஷரி பியூட்டைல் ஈதர் என்ற சேர்மானம் இருந்தது, சுருக்கமாக எம்டிபிஇ. ஈயத்தை விலக்கிய பிறகு எஞ்சினின் தட்டொலியைத் தடுக்க அமெரிக்காவில் 1979 முதல் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட பொருள் அது.

கசிவைக் கண்டுபிடித்துக் குழாயை அடைத்தாயிற்று. ஆனால் மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். அந்த இடத்தில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை; இரண்டு மூன்று மீட்டர் தோண்டினாலே நீர் தட்டுப்படும். அதற்குக் கீழே சில மீட்டர் தடிமனுக்கு மணலும் வண்டலும், அதற்கும் கீழே நீரை எளிதில் விடாத களிமண். கீழே இறங்க வழியில்லாத மாசு மணல் அடுக்கிலேயே பக்கவாட்டில் நகர்ந்தது. பதினைந்து ஆண்டுகளில் எம்டிபிஇ கலந்த நீர் ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளத்துக்கும் 150 மீட்டர் அகலத்துக்கும் பரவிவிட்டது. ஆண்டுக்கு நூறு மீட்டர் என்பது நிலத்தடி நீருக்கு நல்ல வேகம்.

அதே கசிவில் வெளியேறிய பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் பெரும்பாலும் கசிந்த இடத்தை ஒட்டியே தங்கிவிட்டன. எம்டிபிஇ அவற்றை விட்டுப் பிரிந்து தனியே முன்னால் போய்விட்டது. ஒரே குழாயிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பியவற்றில் சில நின்றுவிட, ஒன்று மட்டும் ஏன் ஓடியது என்பதுதான் இந்த நிகழ்வின் முதல் கேள்வி. அதற்கான விடையில்தான் சுத்திகரிப்புக்கான வழியும் இருக்கிறது.

ஓடிப்போகும் மூலக்கூறு

எம்டிபிஇ ஒரு லிட்டர் நீரில் சுமார் 50 கிராம் வரை கரையும். பென்சீன் 2 கிராம்கூடக் கரையாது. நீரில் கரைந்த பிறகு எம்டிபிஇ மண் துகள்களிலும் அதிகம் ஒட்டுவதில்லை. ஆகவே நீர் எங்கே போகிறதோ அங்கே, ஏறக்குறைய அதே வேகத்தில் அதுவும் போகிறது. இவை இரண்டும் சேர்ந்தாலே ஒரு பொருள் தொல்லை கொடுக்கப் போதுமானவை. ஆனால் பென்சீன் வகைகள் நின்றுபோனதற்கு மண்ணில் ஒட்டுவது மட்டும் காரணமில்லை. நிலத்தடி பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. பெட்ரோல் கசிந்த இடங்களில் பென்சீன் பரவல் ஓர் எல்லைக்கு மேல் நீளாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

எம்டிபிஇயை அப்படி எளிதில் தின்ன முடியாது. அதன் நடுவில் ஒரு ஈதர் பிணைப்பு, அதாவது இரண்டு கார்பன்களை இணைக்கும் ஓர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனின் ஒரு பக்கத்தில் ஒரு மெத்தில், மூன்று ஹைட்ரஜன்கள் கொண்ட ஒரு கார்பன். மறு பக்கத்தில் மூன்று மெத்தில்களைத் தாங்கிய, தன்னிடம் ஹைட்ரஜனே இல்லாத ஒரு கார்பன். வழக்கமாக நொதிகள் ஹைட்ரஜன் இருக்கும் கார்பனைத்தான் முதலில் தாக்கும். இங்கே மையக் கார்பனில் பிடித்து இழுக்க ஒன்றுமில்லை. ஓரத்தில் உள்ள மெத்திலில்தான் தொடங்க வேண்டும், அதற்கு ஆக்சிஜனைச் செலுத்தும் சிறப்பு நொதி வேண்டும். இத்தனை சிரமப்பட்டு உடைத்தாலும் கிடைக்கும் ஊட்டம் சொற்பம். ஒரு மில்லிகிராம் எம்டிபிஇயைத் தின்றால் 0.18 மில்லிகிராம் அளவுக்கே புதிய செல்கள் உருவாவதாக பிஎம்1 என்ற பாக்டீரியாவில் அளந்திருக்கிறார்கள். டொலுயீனைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். பக்கத்தில் நல்ல சாப்பாடு இருக்கும்போது எம்டிபிஇயை யார் தொடுவார்கள்?

சுத்திகரிப்பு ஆலைகளில் வழக்கமாகக் கையாளும் முறைகளுக்கும் இந்த மூலக்கூறு சரிவரக் கட்டுப்படுவதில்லை. நீரில் காற்றை ஊதி மாசை ஆவியாக்கி எடுக்கும் முறை பென்சீனுக்கு நன்றாக வேலை செய்யும். எம்டிபிஇ நீரை விட்டு அவ்வளவு விரைவாக வெளியே வராது, காற்றைப் பல மடங்கு அதிகம் ஊத வேண்டும். தூண்டப்பட்ட கரியும் அதைக் குறைவாகவே பிடிக்கிறது. கரியை அடிக்கடி மாற்ற வேண்டும். முடியாது என்றில்லை. செலவு ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

காற்றுக்காக வந்த சட்டம்

இந்தப் பின்னணியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், காற்று மாசு அதிகமுள்ள நகரங்களின் பெட்ரோலில் ஆக்சிஜன் தரும் பொருள் இருக்க வேண்டும் என்றது. குளிர்காலப் பெட்ரோலில் எடையில் 2.7 சதவீதம் ஆக்சிஜன், 1995 முதல், புகை குறையும்படி சீரமைக்கப்பட்ட பெட்ரோலில் 2 சதவீதம். இந்த அளவை எட்ட எம்டிபிஇ சேர்த்தால் பெட்ரோலின் கொள்ளளவில் 11 முதல் 15 சதவீதம் வரை அதுவே நிறையும். சட்டம் எம்டிபிஇயின் பெயரைச் சொல்லவில்லை. மலிவாகவும் குழாய்வழி அனுப்ப ஏற்றதாகவும் இருந்ததால் சுத்திகரிப்பு நிறுவனங்கள் அதைத் தேர்ந்தெடுத்தன. நிலத்தடித் தொட்டிகள் கசிபவை என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நீரில் இவ்வளவு கரையும் பொருளை, கசியும் தொட்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பும் முடிவை எடுத்தபோது நிலத்தடி நீரைப் பற்றிப் பேசியவர்களின் குரல் ஏன் எடுபடவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று.

1996இல் சான்டா மோனிகா நகரம் தன் சார்னாக் கிணறுகளை மூட நேர்ந்தது. அங்கே லிட்டருக்கு 610 மைக்ரோகிராம் வரை எம்டிபிஇ காணப்பட்டது. மூடப்பட்ட கிணறுகளோடு நகரின் குடிநீரில் பாதியளவு போயிற்று. இந்தப் பொருளின் வாடையையும் சுவையையும் மிகக் குறைந்த அளவிலேயே மனிதர்கள் கண்டுகொள்வார்கள் என்பதால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் லிட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம் என்ற அறிவுரை அளவை வெளியிட்டது. கலிபோர்னியா இன்னும் கடுமையாக நடந்துகொண்டது: சுவை, வாடைக்கு 5 மைக்ரோகிராம், உடல்நலத்துக்கு 13 மைக்ரோகிராம். 1999இல் ஆளுநர் கிரே டேவிஸ் எம்டிபிஇயைப் படிப்படியாக விலக்க ஆணையிட்டார். முதலில் 2002 இறுதி என்றிருந்த கெடு பிறகு 2003 இறுதிக்குத் தள்ளிப்போனது. நாடு முழுவதற்குமான ஆக்சிஜன் கட்டாயம் 2005ஆம் ஆண்டின் ஆற்றல் கொள்கைச் சட்டத்தால் நீங்கியது. போர்ட் வைனீமியின் மணலில் ஓடிக்கொண்டிருந்த மாசு இந்த ஆணைகளில் எதற்கும் காத்திருக்கவில்லை.

தின்பவை கிடைத்த கதை

எம்டிபிஇ மக்காது என்ற நம்பிக்கை 1990களின் தொடக்கம்வரை பரவலாக இருந்தது. அதை முதலில் உடைத்தது 1994இல் ஷெல் நிறுவனத்தின் ஜோசப் சலனிட்ரோ குழு வெளியிட்ட ஆய்வு. இரசாயன ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் உயிரிச் சேற்றிலிருந்து அவர்கள் வளர்த்தெடுத்த கலப்புக் கூட்டம், ஆக்சிஜன் இருக்கும்போது எம்டிபிஇயை கார்பன் டைஆக்சைடு வரை உடைத்தது. அதற்கு பிசி-1 என்று பெயர். கலப்புக் கூட்டம் என்றால் அதில் யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்தக் குறையை 1999இல் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேட் ஸ்கோ குழு தீர்த்தது. அவர்கள் தனித்துப் பிரித்த பிஎம்1 என்ற ஒற்றை பாக்டீரியா எம்டிபிஇயை மட்டுமே உணவாகக் கொண்டு வளர்ந்தது.

பிஎம்1 எங்கிருந்து வந்தது என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விவரம். எம்டிபிஇ கசிந்த எந்தக் கிணற்றிலிருந்தும் அது வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கார்சன் கழிவுநீர் நிலையத்தில், வெளியேறும் காற்றைத் தூய்மைப்படுத்த வைத்திருந்த மக்கிய உர வடிகட்டியில் இருந்த கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். நீரைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியாவைக் காற்று வடிகட்டியில் கண்டெடுத்தார்கள். 2006இல் அதற்கு மெதிலிபியம் பெட்ரோலிஃபிலம் என்ற முறையான பெயர் வந்தது. 2007இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானது: சுமார் 40 லட்சம் எழுத்துகள் கொண்ட குரோமோசோம் ஒன்று, ஏறத்தாழ 6 லட்சம் எழுத்துகள் கொண்ட பெரிய பிளாஸ்மிட் ஒன்று, அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ. எம்டிபிஇயை உடைக்கும் திறன் இருப்பது அந்தப் பிளாஸ்மிட்டில்.

உடைக்கும் வழி பல படிகள் கொண்டது. முதலில் ஓரத்து மெத்திலில் ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது. அங்கிருந்து அந்த மெத்தில் கழன்று, டெர்ஷரி பியூட்டைல் ஆல்கஹால் மிஞ்சுகிறது. சுருக்கமாக டிபிஏ. பிறகு இன்னொரு நொதி டிபிஏயின் ஒரு மெத்திலைத் தாக்கி, இரண்டு ஆல்கஹால் தொகுதிகள் கொண்ட டையாலாக மாற்றுகிறது. அது 2-ஹைட்ராக்சி ஐசோபியூட்டிரிக் அமிலமாகிறது. அந்த அமிலத்தை மேலும் உடைக்க, கார்பன்களின் வரிசையை மாற்றும் ஒரு மியூட்டேஸ் நொதி தேவை என்பதையும், அந்த நொதிக்கு வைட்டமின் பி12 வேண்டும், ஆகவே கோபால்ட் வேண்டும் என்பதையும் 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜெர்மனியின் லோய்னாவில் மாசடைந்த நிலத்தடி நீரில் கிடைத்த எல்108 என்ற பாக்டீரியாவில் கண்டது இது. இந்த ஒரு விவரத்தை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், ஆய்வகத்தில் நன்றாக வளர்ந்த பாக்டீரியா களத்தில் திணறும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இப்படிப்பட்ட சிறு தேவைகளைத்தான். பாக்டீரியாவைப் பெட்டியில் வாங்கிக் கொட்டுவதற்கு முன் இதைக் கேட்பவர்கள் குறைவு.

டிபிஏ பற்றி ஓர் எச்சரிக்கை. அது நீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும்; கரியில் எம்டிபிஇயைவிடவும் குறைவாகவே ஒட்டும். கலிபோர்னியா அதற்கு லிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்ற அறிவிப்பு அளவை வைத்திருக்கிறது. ஆக, எம்டிபிஇ குறைந்தது என்பது மட்டுமே வெற்றி ஆகாது. டிபிஏவையும் அளந்து காட்டாத எந்த அறிக்கையையும் நான் பாதி அறிக்கை என்றே எடுத்துக்கொள்வேன்.

மூன்று பாத்திகள்

போர்ட் வைனீமியில் சலனிட்ரோ குழு 2000இல் வெளியிட்ட களச் சோதனை இந்தத் துறையின் திருப்புமுனை. எம்டிபிஇ மட்டும் ஓடிக்கொண்டிருந்த பகுதியில் மூன்று பாத்திகள் அமைக்கப்பட்டன. ஒன்றில் ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்றில் ஆக்சிஜன் மட்டும். மூன்றாவதில் ஆக்சிஜனோடு, ஆய்வகத்தில் வளர்த்த எம்சி-100 என்ற கலப்புக் கூட்டத்தைக் குழம்பாக நெருக்கமான துளைகள் வழியே மணலுக்குள் செலுத்தினார்கள்.

பாக்டீரியா போட்ட பாத்தியில் எம்டிபிஇ சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கியது. லிட்டருக்குச் சில மில்லிகிராமாக இருந்தது சில மாதங்களில் மைக்ரோகிராம் அளவுக்கு வந்துவிட்டது. ஒன்றும் செய்யாத பாத்தியில் சொல்லும்படி மாற்றம் இல்லை. இதுவரை எல்லோரும் எதிர்பார்த்தபடிதான்.

எதிர்பாராதது இரண்டாவது பாத்தியில் நடந்தது. ஆக்சிஜன் மட்டும் கொடுத்த அங்கே அரையாண்டு ஆகும்வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு அங்கும் எம்டிபிஇ சரசரவென்று இறங்கியது. யாரும் கொண்டுபோய்ப் போடாத பாக்டீரியாக்கள் அந்த மணலிலேயே இருந்திருக்கின்றன. அவற்றுக்கு எம்டிபிஇ குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது, கிடைக்காதது ஆக்சிஜன். அது வந்ததும், மெதுவாக வளரும் இனம் என்பதால் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ள மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு, பிறகு வேலையைத் தொடங்கிவிட்டன.

இதே தளத்தில் டேவிஸ் பல்கலைக்கழகக் குழுவும் பிஎம்1 பாக்டீரியாவைக் கொண்டு தனியே சோதனை நடத்தியது. பிஎம்1 போட்ட பாத்தியையும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்த பாத்தியையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2005இல் வெளியானது. முடிவு ஏறக்குறைய அதேதான்: ஆக்சிஜன் மட்டும் பெற்ற மணலிலும் எம்டிபிஇ உடைந்தது. டிஎன்ஏவை அளந்து பார்த்தபோது பிஎம்1க்கு மிக நெருங்கிய உறவுக்கார பாக்டீரியா அந்த மண்ணிலேயே இருந்தது தெரிந்தது. கலிபோர்னியாவின் வேறொரு இடமான வேண்டன்பெர்க் விமானப்படைத் தளத்தில், நெகிழிக் குழாய்களின் சுவர் வழியே ஆக்சிஜனை நீருக்குள் ஊடுருவவிட்டபோதும் உள்ளூர் பாக்டீரியாக்களே எம்டிபிஇயை உடைத்தன. அந்த முடிவு 2002இல் வெளியானது.

ஒரு தளத்தில் நடந்ததைத் தற்செயல் எனலாம். தனித்தனிக் குழுக்கள் தனித்தனி முறைகளில் ஒரே விடையை அடைந்திருக்கின்றன. நல்ல பாக்டீரியாவை எங்கே வாங்குவது என்று தொடங்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த மூன்று சோதனைகளைத்தான் மேஜையில் வைக்க வேண்டும் என்பேன்.

ஆக்சிஜன் கணக்கு

அடுத்த கேள்வி, எவ்வளவு ஆக்சிஜன்? இதற்கு ஆய்வகமே தேவையில்லை. ஒரு எம்டிபிஇ மூலக்கூறு முழுவதும் எரிய ஏழரை ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். எடையில் பார்த்தால் ஒரு மில்லிகிராம் எம்டிபிஇக்கு சுமார் 2.7 மில்லிகிராம் ஆக்சிஜன். காற்றோடு நன்றாகக் கலந்து நிறைந்த நீரில், 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் இருக்கும். ஆகக் காற்றை ஊதினால் ஒரே தடவையில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் எம்டிபிஇ வரைதான் சமாளிக்கலாம். புதிய செல்களாக மாறும் பங்கைக் கழித்தால் சற்றுக் கூடும், அவ்வளவே.

மாசின் நடுப்பகுதியில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஓடினால் 27 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றால் அது ஆகாது. தூய ஆக்சிஜனைச் செலுத்தினால் நீரில் நாற்பது மில்லிகிராமுக்கு மேல் கரையும். அப்போது வழி பிறக்கிறது. இதோடு பென்சீன் வகைகளும் இருந்தால் அவையும் பங்கு கேட்கும், ஒரு மில்லிகிராம் பென்சீனுக்கு மூன்று மில்லிகிராம் ஆக்சிஜன் போகும். நிலத்தடி நீரில் கரைந்த இரும்பு இருந்தால் அதுவும் குடிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு: எத்தில்பென்சீனும் சைலீனும் இருக்கும்போது பிஎம்1 எம்டிபிஇயைத் தொடாமல் நின்றுவிடுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அந்தப் பொருள்கள் முதலில் தீர்ந்தால்தான் எம்டிபிஇயின் முறை வரும். மாசின் மூலத்துக்கு வெகு அருகில் வேலையைத் தொடங்குவது இதனாலேயே வீண் செலவாக முடிகிறது.

போர்ட் வைனீமியில் முழு அளவில் அமைத்த உயிர்வேலி இந்தக் கணக்கின்படி வடிவமைக்கப்பட்டதாகவே தெரிகிறது. 2000இல் கடற்படைப் பொறியியல் சேவை மையமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஜான்சன் குழுவும் ஷெல் குழுவும் சேர்ந்து, கசிந்த இடத்துக்கு அப்பால், நீர் ஓடும் திசையில், மாசின் அகலம் முழுவதையும் குறுக்கே மறித்து, சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு அதை அமைத்தார்கள். தரையில் சுவர் எதுவும் கிடையாது. வரிசை வரிசையாக வாயு செலுத்தும் கிணறுகள், அவற்றைச் சூழக் கண்காணிப்புக் கிணறுகள்; நீர் தன் போக்கில் இவற்றினூடே கடந்துபோகும். அடர்த்தி அதிகமான நடுப்பகுதிக்குத் தூய ஆக்சிஜன். இரு ஓரங்களிலும் மாசு குறைவு. அங்கே வெறும் காற்றே போதும். நடுப்பகுதியின் சில துண்டுகளில் எம்சி-100 கூட்டத்தையும் எஸ்சி-100 என்ற ஒற்றை இனத்தையும் போட்டார்கள். மற்றத் துண்டுகளில் வாயு மட்டும்.

வாயு செலுத்தும் விதம் கவனிக்கத் தக்கது. தளத்திலேயே காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, வேலி நெடுகிலும் வைத்த சிறு தொட்டிகளில் சேமித்தார்கள். நேரம் குறித்துத் திறக்கும் வால்வுகள் வழியே அதைக் குறுகிய அலைகளாக மணலுக்குள் பாய்ச்சினார்கள். தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தால் மணலின் இடுக்குகளில் வாயு நிறைந்து, நீர் வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். விட்டு விட்டு ஊதினால் வாயுக் குமிழிகள் மணலில் மாட்டிக்கொண்டு மெல்லக் கரைந்து, அடுத்த அலை வரும்வரை கடந்துபோகும் நீருக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும். பம்பும் வால்வும் நேரக்குறிப்பானும்தான் இங்கே முக்கிய இயந்திரங்கள். பாக்டீரியாவின் பெயரைத் தலைப்பில் போடும் அறிக்கைகளில் இவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது.

என்ன கிடைத்தது

ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்த நிலத்தடி நீரில் அது கணிசமாக உயர்ந்தது. வேலியைத் தாண்டிய நீரில் எம்டிபிஇ, ஒன்றரை ஆண்டுக்குள், ஆயிரக்கணக்கான மைக்ரோகிராமிலிருந்து 5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தது. அது கலிபோர்னியாவின் கடுமையான அளவையும் எட்டிப் பிடித்த முடிவு. டிபிஏவும் குறைந்தது, பென்சீன் வகைகளும் குறைந்தன. பாக்டீரியா போட்ட துண்டுகளில் பலன் முன்னதாகத் தெரிந்தது. ஆனால் காலம் செல்லச் செல்ல, வாயு மட்டும் பெற்ற துண்டுகளும் அவற்றோடு சமமாக வந்து நின்றன.

இப்படி நீர் சுத்தமாவதைக் காணும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உண்மையிலேயே தின்னப்பட்டதா, அல்லது வாயு அடித்ததால் ஆவியாகியும் நீர்த்துப்போயும் மறைந்ததா? எம்டிபிஇ எளிதில் நீரை விடாது என்பதால் ஆவியாகும் வாய்ப்பு குறைவு. ஒன்றும் செய்யாத பாத்தி அப்படியே இருந்தது. டிபிஏ இடையில் தோன்றிப் பிறகு தானும் குறைந்தது. கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட எம்டிபிஇயைத் தள மண்ணில் கலந்து வைத்தால் அந்தக் கார்பன் கார்பன் டைஆக்சைடாக வெளிவருவதைக் காணலாம். இந்தச் சான்றுகள் ஒன்றை ஒன்று தாங்குகின்றன. கார்பன் ஐசோடோப்பு முறையும் உண்டு. பாக்டீரியாக்கள் இலேசான கார்பன் உள்ள மூலக்கூறுகளைச் சற்று விரைவாக உடைப்பதால், மிஞ்சும் எம்டிபிஇயில் கனமான கார்பனின் பங்கு ஏறும். ஆக்சிஜன் இல்லாத சூழலில் இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். ஆக்சிஜனோடு நடக்கும் சிதைவில் அது மிகச் சிறியது. ஆகவே ஆக்சிஜன் கொடுத்த வேலியில் ஐசோடோப்பு மாறவில்லை என்று சொல்லித் திட்டத்தையே தோல்வி எனத் தீர்ப்பெழுதுவது அவசரம்.

பாக்டீரியாவைப் போடுவது வீண் என்றும் நான் சொல்லவில்லை. அரையாண்டுத் தாமதம் சில இடங்களில் தாங்க முடியாதது. குடிநீர்க் கிணறு நூறு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஆறு மாதத்தில் மாசு பாதித் தூரத்தைக் கடந்துவிடும். அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து போடும் பாக்டீரியாவுக்கு விலை கொடுப்பது நியாயம். உள்ளூரில் அப்படிப்பட்ட இனமே இல்லாத மண்ணும் இருக்கும். எந்த மண் எப்படி என்பதைத் தள மண்ணை எடுத்துப் புட்டிகளில் ஆக்சிஜன் கொடுத்துச் சில மாதம் வைத்துப் பார்த்தாலே ஓரளவுக்குத் தெரியும். இப்போது பிஎம்1 வகை மரபணுக்களை நேரடியாக எண்ணிச் சொல்லும் டிஎன்ஏ சோதனைகளும் இருக்கின்றன. போடும் பாக்டீரியா மணலோடு ஒட்டிக்கொள்ளும், அதிக தூரம் நகராது. எங்கே கொட்டினீர்களோ அங்கேதான் வேலை செய்யும். மாசு ஓடும் பாதையில் துளைகளை நெருக்கமாக வைக்காவிட்டால் இடைவெளி வழியே எம்டிபிஇ தப்பித்துவிடும்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில்

ஆக்சிஜன் இல்லாமலும் எம்டிபிஇ உடையும் என்பது பல தளங்களில் உறுதியாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது டிபிஏவோடு நின்றுவிடும். இந்த வழியை நம்பும் திட்டங்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். எம்டிபிஇ வரைபடத்தில் அழகாகக் குறையும், டிபிஏ வரைபடத்தில் அதே அழகோடு ஏறும்.

எம்டிபிஇக்குப் பதில் எத்தனாலைச் சேர்த்த பிறகு இந்தக் கேள்வி புது வடிவம் எடுத்தது. எத்தனால் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த உணவு. கசிந்தால் அது தானாகத் தீர்ந்துவிடும். ஆனால் போகிற போக்கில் நீரில் இருந்த ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட் எல்லாவற்றையும் செலவழித்துவிடும். வேண்டன்பெர்க் தளத்தில் எத்தனாலைச் செலுத்திப் பார்த்த சோதனையில், அதன் தடத்தில் பென்சீன் வகைகள் முன்பைவிட அதிக தூரம் நகர்ந்தன. பழைய எம்டிபிஇ மாசு இருக்கும் இடத்தில் புதிதாக எத்தனால் பெட்ரோல் கசிந்தால், அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சிதைவின் போக்கே மாறிவிடக்கூடும். புதிய கசிவு பற்றிய தகவல் இல்லாமல் பழைய தளத்தின் தரவுகளைப் படிப்பதில் உள்ள ஆபத்து இது.

வேலியின் வரம்பு

உயிர்வேலி மாசின் மூலத்தைத் தொடுவதில்லை. மண்ணில் சிக்கியிருக்கும் பெட்ரோல் இருக்கும்வரை எம்டிபிஇயும் பென்சீனும் சிறிது சிறிதாகக் கரைந்து வந்துகொண்டே இருக்கும். வேலியும் அதுவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு சோதனைக்குப் பணம் ஒதுக்கி, பிறகு மின்சாரத்தை நிறுத்தினால் சில மாதங்களில் மணலில் ஆக்சிஜன் தீரும், மாசு மீண்டும் வேலியைக் கடக்கும். ஆகவே மூலத்திலிருந்து இயன்றவரை பெட்ரோலை எடுத்துவிட்டு, மிஞ்சியதற்கு வேலி என்பதே பொருத்தமான வரிசை. நீரை மேலே இறைத்து ஆலையில் சுத்திகரிக்கும் முறையோடு ஒப்பிட்டால், இங்கே நீரை வெளியே எடுப்பதில்லை, கரி மாற்றுவதில்லை, வெளியேற்றுவதற்கு அனுமதி தேடுவதில்லை. வேலிக்கு அப்பால் ஏற்கெனவே ஓடிப்போன 1,500 மீட்டர் மாசுக்கு மட்டும் இதனால் நேரடிப் பலன் இல்லை. அந்தப் பகுதியில் கண்காணிப்புக் கிணறுகளில் மாதிரி எடுப்பது தொடர வேண்டும். சுத்தமான நீர் மேலிருந்து வந்து அதைக் கழுவித் தள்ள, ஆண்டுக்கு நூறு மீட்டர் கணக்கில், வேலி அமைத்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆகும்.